பந்து, பிள்ளை, பணம் – ஷெரில் ஸ்வூப்ஸ் என்ற ஆட்டக்காரி



இந்த மாதப் பாடம் ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றியது. "விளையாட்டுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சில பேர் கேட்பீங்க. விளையாட்டையே தொழிலாகச் செய்து, அதில் வந்த சம்பளத்தில் வாழ்ந்த பெண்ணின் கதை இது. இதில் வேலை இருக்கு, பிரசவம் இருக்கு, உடம்பில் பட்ட அடி இருக்கு, கடன் இருக்கு, கடைசியில் சங்கமும் இருக்கு. வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் சில கேள்விகள் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் நிறுத்திப் பேசிவிட்டு மேலே போங்கள். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கூடைப்பந்தில் அணிக்கு 5 பேர் களத்தில் இருப்பார்கள். ஆடுகளத்தின் இரண்டு பக்கமும் 10 அடி உயரத்தில் ஒரு வளையம், அதில் வலை தொங்கும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடி, எதிரணி வளையத்தில் போட வேண்டும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. பக்கத்திலிருந்து போட்டால் 2 புள்ளி, கோட்டுக்கு வெளியே தூரத்திலிருந்து போட்டால் 3. எதிராளி தப்பாட்டம் ஆடினால், யாரும் குறுக்கே வராமல் நின்று எறியும் வாய்ப்பு கிடைக்கும், அதற்கு 1 புள்ளி. உங்கள் பிள்ளைகளில் யாராவது பள்ளிக்கூடத்தில் ஆடியிருந்தால் மீதியை அவர்களே சொல்லித் தருவார்கள்.

பிறந்த ஊரும் ஒரு சட்டமும்

ஷெரில் ஸ்வூப்ஸ் 1971 மார்ச் 25 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரவுன்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். அப்பா கூட இல்லை. அம்மா லூயிஸ் தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்த்தார். ஷெரில் ஆட்டம் கற்றது தன் சகோதரர்களோடுதான். ஏழு வயதில் ஊரில் நடந்த சிறுபிள்ளைகள் போட்டியில் சேர்ந்துவிட்டார். ஆண்பிள்ளைகளோடு மல்லுக்கு நின்று கற்றுக்கொண்டதால் முரட்டுத்தனமும் வேகமும் சின்ன வயதிலேயே வந்துவிட்டன. வளர்ந்தபோது உயரம் 6 அடி.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷெரிலுக்கு ஒரு வயது ஆனபோது, 1972ல், அமெரிக்காவில் கல்வித் திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. அதன் 9ஆம் பிரிவு, அரசுப் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் கல்லூரியும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அதற்கு முன்பு கல்லூரிகளில் பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை என்பதே அரிது. பையன்களுக்கு மைதானம், பயிற்சியாளர், உடை எல்லாம் இருக்கும். பெண்களுக்கு மிச்சம் மீதிதான். சட்டம் வந்த பிறகும் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. கல்லூரிகளுக்கான பெரிய தேசிய சங்கம் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்தத் தொடங்கியதே 1982ல்தான். ஷெரில் பள்ளி முடித்து வெளியே வரும்போது அந்தக் கதவு திறந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. திறமை அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் அதே திறமையோடு இருபது வருஷம் முன்னால் பிறந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

போய்விட்டுத் திரும்பியவர்

பள்ளி முடிந்ததும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டது. அந்த நாளில் பெண்கள் கூடைப்பந்தில் பெயர் பெற்ற இடம் அது. எல்லாரும் ஆசைப்படுகிற இடம். ஊரிலிருந்து சுமார் 600 கிலோமீட்டருக்கு மேல். ஷெரில் போனார். சில நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அம்மாவை விட்டு, ஊரை விட்டு இருக்க மனசு வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். விடுதியில் சேர்த்த பெண் ஒரு வாரத்தில் திரும்பி வந்தால் ஊரே பேசும். "அவ்வளவுதான், இவ படிப்பு முடிஞ்சது" என்று தாய்மாமன் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஷெரில் வீட்டில் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் லெவல்லேண்டு என்ற ஊரில் சவுத் பிளைன்ஸ் கல்லூரி என்று ஒரு சின்ன இரண்டாண்டுக் கல்லூரி இருந்தது. அதில் சேர்ந்தார். பெரிய பெயர் இல்லாத இடம். ஆனால் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோகிற தூரம். அங்கே ஆடி, 1991ல் நாட்டிலேயே சிறந்த இரண்டாண்டுக் கல்லூரி ஆட்டக்காரி என்ற பெயர் எடுத்தார். பிறகு அதே வட்டாரத்தில் லப்பக் நகரிலுள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கேள்வி: உங்கள் வீட்டிலோ தெருவிலோ படிக்கப் போய்த் திரும்பி வந்த பெண் யாராவது இருக்கிறார்களா? அவருக்கு இரண்டாவது வழி ஒன்றை யாராவது காட்டினார்களா? பேசுங்கள்.

1993 மார்ச்சில், தான் விட்டுவந்த அதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, வட்டார இறுதிப் போட்டியில் ஷெரில் 53 புள்ளிகள் எடுத்தார். அடுத்த மாதம் அட்லாண்டாவில் தேசிய இறுதிப் போட்டி. எதிரணி ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம். முடிவு 84க்கு 82. இரண்டே புள்ளி வித்தியாசம். அந்த 84ல் 47 ஷெரில் ஒருவர் எடுத்தது. தப்பாட்டத்துக்காகக் கிடைத்த எறிதல்கள் 11, பதினொன்றும் உள்ளே. கல்லூரி இறுதிப் போட்டியில் அதுவரை ஆண்களில்கூட அத்தனை புள்ளி எடுத்தவர் கிடையாது. பழைய சாதனை பில் வால்டன் என்ற ஆண் வீரர் எடுத்த 44.

திறமை இருந்தது, வேலை இல்லை

இவ்வளவு புகழோடு கல்லூரியை விட்டு வெளியே வந்த பெண்ணுக்கு அடுத்து என்ன? ஆணாக இருந்தால் தொழில்முறை அணிகள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியிருக்கும். பெண்களுக்கு அந்த நாட்டில் அப்போது நிலையான தொழில்முறை லீக்கே கிடையாது. நல்லா ஆடுகிறவர்கள் இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் என்று வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவார்கள். ஷெரிலும் இத்தாலியில் பாரி என்ற ஊர் அணிக்குப் போனார். சில மாதத்தில் திரும்பிவிட்டார்.

1995ல் இரண்டு நல்லது நடந்தது. அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு ஒரு வருஷம் முன்னதாகவே அமெரிக்கப் பெண்கள் அணியைத் திரட்டி, சம்பளம் கொடுத்து ஊர் ஊராக ஆட வைத்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர். ஒரு வருஷம் முழுக்க ஒன்றாகவே தங்கி, ஒன்றாகவே பயணம் செய்த அணி அது. பயணத்தில் 52 ஆட்டம், ஒலிம்பிக்கில் 8 ஆட்டம், ஆக 60 ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்கவில்லை. 1996ல் இறுதியில் பிரேசிலை வென்று தங்கம். இன்னொன்று, நைக்கி நிறுவனம் 'ஏர் ஸ்வூப்ஸ்' என்று இவர் பெயரிலேயே ஒரு ஷூ கொண்டுவந்தது. தன் பெயரில் கூடைப்பந்து ஷூ வெளிவந்த முதல் பெண் ஷெரில்தான்.

ஒலிம்பிக் ஆட்டங்களுக்குக் கூட்டம் வந்ததைப் பார்த்த முதலாளிகளுக்கு நம்பிக்கை வந்தது. ஆண்கள் லீக்கின் ஆதரவோடு பெண்கள் தேசியக் கூடைப்பந்து லீக், சுருக்கமாக டபிள்யூ.என்.பி.ஏ., 8 அணிகளோடு தொடங்க ஏற்பாடானது. 1996 அக்டோபரில் அதில் முதல் ஆளாக ஒப்பந்தமானவர் ஷெரில். அணி ஹூஸ்டன் காமெட்ஸ்.

முதல் ஆட்டமும் முதல் பிள்ளையும்

லீக்கின் முதல் ஆட்டம் 1997 ஜூன் 21. விளம்பரத்தில் எல்லாம் ஷெரிலின் முகம். ஆனால் அந்தத் தேதியில் ஷெரில் நிறைமாதக் கர்ப்பிணி. ஜூன் 25 அன்று மகன் பிறந்தான்.

கொஞ்சம் அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். இத்தனை வருஷம் இல்லாத வேலை இப்போதுதான் வந்திருக்கு. முதல் ஆளாகச் சேர்த்திருக்காங்க. அந்த நேரத்தில் "நான் கர்ப்பமா இருக்கேன்" என்று போய்ச் சொல்ல வேண்டும். தையல் கம்பெனியிலோ, கடையிலோ வேலை பார்த்த நம் பெண்களைக் கேளுங்கள், அதைச் சொல்லும்போது வயிற்றில் எப்படிப் பிசையும் என்று சொல்வார்கள். ஷெரிலை அணி கைவிடவில்லை. அவர் இடத்தை வைத்திருந்தது.

ஆகஸ்ட் 7 அன்று, பிரசவமாகி ஆறே வாரத்தில், ஷெரில் களத்தில் இறங்கினார். அந்தப் பருவத்தில் 9 ஆட்டம் ஆடினார். அந்த மாதக் கடைசியில் காமெட்ஸ் முதல் கோப்பையை வென்றது.

இந்தச் செய்தியை எல்லாப் பத்திரிகையும் வீரச் செயல் என்று எழுதின. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு, சகோதரிகளே. உடம்பைத் தயார் செய்ய அணியின் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் இருந்த பெண் அவர். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அதெல்லாம் இல்லாத ஒரு பெண்ணிடம், "அவ ஆறு வாரத்துல ஓடினா, நீ தண்ணிக் குடம் தூக்க மாட்டியா?" என்று யாரும் கேட்கக் கூடாது. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவது ஆளுக்கு ஆள் மாறும். நர்ஸம்மா பார்த்துச் சொல்லாமல் பளுவான வேலையில் இறங்க வேண்டாம். ஷெரில் திரும்பி வந்ததில் நான் பெரிதாக நினைப்பது வேறு ஒன்று: திரும்பி வர ஒரு இடம் காலியாக வைக்கப்பட்டிருந்தது. எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கிறது?

கேள்வி: நம் குழுவில் பிரசவத்துக்காக மூன்று மாதம் கூட்டத்துக்கு வராத உறுப்பினரை எப்படி நடத்துகிறோம்? அபராதம் போட்டோமா? தீர்மானப் புத்தகத்தில் அதற்கு ஏதாவது எழுதி வைத்திருக்கிறோமா?

நான்கு கோப்பைகள்

1997, 98, 99, 2000 என்று தொடர்ந்து நான்கு ஆண்டும் காமெட்ஸ்தான் கோப்பையை வென்றது. 1998ல் 30 ஆட்டத்தில் 27 வெற்றி. இது ஷெரில் ஒருவரால் நடந்தது இல்லை. சிந்தியா கூப்பர் என்று ஒருவர் இருந்தார். சொந்த நாட்டில் லீக் இல்லாததால் பத்து வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஆடிப் பிழைத்தவர். லீக் தொடங்கியபோது வயது 34. "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்தான் முதல் இரண்டு ஆண்டும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரி ஆனார். அதே காலத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த தன் அம்மாவையும் பார்த்துக்கொண்டார். டினா தாம்சன் என்ற இளம் ஆட்டக்காரி இன்னொரு தூண். கிம் பெரோ என்பவர் அணியின் சின்ன உருவம், பெரிய குரல். அவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்து 1999 ஆகஸ்டில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடே ஆடித்தான் மூன்றாவது கோப்பையை எடுத்தார்கள்.

2000ல் ஷெரில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரி, சிறந்த தடுப்பாட்டக்காரி என்ற இரண்டு விருதையும் ஒரே ஆண்டில் வாங்கினார். புள்ளி எடுப்பவரைத்தான் ஊர் பார்க்கும். எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிப்பதில் ஷெரில் கெட்டிக்காரி. அவர் அணியில் ஆடியவர்கள் அதை நன்றாக அறிவார்கள்.

2001ல் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டு முழுக்க ஆட முடியவில்லை. அந்த ஆண்டு காமெட்ஸுக்குக் கோப்பையும் இல்லை. அறுவை சிகிச்சை, நடைப் பயிற்சி, ஓட்டப் பயிற்சி என்று ஒரு வருஷம் போனது. விளையாட்டுக்காரருக்கு உடம்புதான் முதல். நெசவுக்காரருக்குக் கண்ணும், கட்டட வேலைக்காரருக்கு இடுப்பும் மாதிரி. 2002ல் திரும்பி வந்து மறுபடியும் அதே இரண்டு விருதையும் வாங்கினார். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குகளிலும் தங்கம். ஆக மூன்று தங்கம்.

மஞ்சள் கடுதாசி

இப்போது சொல்லப்போவதை நிதானமாக வாசியுங்கள்.

மூன்று ஒலிம்பிக் தங்கம், நான்கு கோப்பை, சொந்தப் பெயரில் ஷூ. இப்படிப்பட்ட ஷெரில் 2004ல் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தார். நம்ம பேச்சில் சொன்னால் மஞ்சள் கடுதாசி. கடன் 7 லட்சம் டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது.

எப்படி நடந்தது? தன் பணத்தைக் கவனித்துக்கொள்ள ஏஜெண்டுகளையும் வக்கீல்களையும் நம்பி விட்டதாகவும், அவர்கள் சரியாகக் கையாளவில்லை என்றும் பின்னாளில் ஷெரில் சொன்னார். அவர்கள் தரப்பு என்ன என்பதை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அதில் இருக்கிற வழிமுறை. பணம் வருகிறது. வருகிற இடம் தெரியும், போகிற இடம் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறோம். வரி எவ்வளவு, முதலீடு எங்கே, கடன் எத்தனை வட்டிக்கு என்று கேட்க நேரமும் இல்லை, கூச்சமும் வேறு. "அவங்க படிச்சவங்க, பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்பது அப்புறம். கணக்கைப் பார்க்காத வீட்டில் நல்லவர் செய்த தப்புகூட வெளியே தெரியாது.

இன்னொன்று, விளையாட்டுச் சம்பளத்துக்கு ஒரு குணம் உண்டு. அது இருபது வயதில் வந்து முப்பத்தைந்தில் நின்றுவிடும். வேறு வேலைக்காரர்களுக்குச் சம்பளம் ஏறுகிற வயதில் இவர்களுக்கு நின்றுபோகும். பெண்களின் லீக் கோடைக்காலத்தில் சில மாதம்தான் நடக்கும். மீதி மாதங்களுக்குப் பலரும் ரஷ்யா, துருக்கி, சீனா என்று போய் ஆடிவிட்டு வந்தார்கள். ஓய்வே கிடையாது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2015ல் டயானா டராசி என்ற முன்னணி வீராங்கனையிடம் அவருடைய ரஷ்ய அணி, "அமெரிக்காவில் இந்தக் கோடையில் ஆடாதே, வீட்டில் ஓய்வெடு, அதற்கும் பணம் தருகிறோம்" என்றது. ரஷ்ய அணியில் அவருக்குச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர். அமெரிக்க லீக்கிலோ மிக அதிகச் சம்பளமே சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம். அவர் ஓய்வெடுத்தார். யார் குறை சொல்ல முடியும்?

கேள்வி: உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம் இப்போது யார் கையில் இருக்கிறது? கடைசியாக அதில் பதிவு போட்டுப் பார்த்தது எப்போது? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பிவிட்டுப் போக வேண்டாம்.

ஷெரில் அந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை. 2005ல் மூன்றாவது முறையாக லீக்கின் சிறந்த ஆட்டக்காரி ஆனார். மூன்று முறை அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். அதே ஆண்டு அக்டோபரில், தான் ஒரு பெண்ணோடு வாழ்வதாக வெளிப்படையாகச் சொன்னார். பெரிய நட்சத்திரம் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொல்வது அன்றைக்குச் சாதாரணம் இல்லை. விளம்பர வருமானம் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. மறைத்து வாழ்ந்து களைத்துப்போனதாக அவர் சொன்னார். அது அவருடைய வாழ்க்கை. அதைத் தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கு இல்லை.

அணியே மூடிப்போனது

2007ல் முதுகில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு 3 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2008ல் சியாட்டில் அணிக்குப் போனார். 2009 தொடக்கத்தில் அங்கிருந்தும் விடுவித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் காமெட்ஸுக்கு நடந்ததைக் கேளுங்கள். நான்கு கோப்பை வென்ற அணியை 2007ல் ஒரு வியாபாரி 1 கோடி டாலருக்கு வாங்கினார். அவராலும் நடத்த முடியவில்லை. லீக்கே எடுத்து, வேறு ஆள் தேடியது. யாரும் வரவில்லை. 2008 டிசம்பரில் அணியை மூடிவிட்டார்கள். ஆட்டக்காரிகளை மற்ற அணிகள் பிரித்து எடுத்துக்கொண்டன. எவ்வளவு நல்லா வேலை செய்தாலும் முதலாளி கதவைச் சாத்தினால் என்ன கதி என்பது மில் மூடிய ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2011ல் 40 வயதில் ஷெரில் மறுபடியும் வந்தார். டல்சா என்ற அணி. லீக்கிலேயே மோசமான அணி அது. அந்த ஆண்டு 34 ஆட்டத்தில் 3 வெற்றிதான். தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றிருந்தார்கள். லீக்கில் அதுவரை எந்த அணியும் அப்படித் தோற்றதில்லை. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியோடு ஆட்டம். இரண்டு பக்கமும் 75, சில விநாடிதான் மிச்சம். பந்து ஷெரில் கைக்கு வந்தது. போட்டார், விழுந்தது. 77க்கு 75. அவர் வாங்கிய கோப்பைகளைவிட இந்த ஒரு பந்துதான் எனக்குப் பிடித்தது. கூட ஆடிய சின்னப் பெண்களில் பலர் அவர் கல்லூரியில் 47 எடுத்தபோது சின்னப் பிள்ளைகள்.

பிறகு சிகாகோவில் லயோலா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு 2013 முதல் பயிற்சியாளராக இருந்தார். அது நன்றாக முடியவில்லை. மாணவிகள் பலர் அணியை விட்டு விலக, பல்கலைக்கழகம் விசாரணை நடத்தி, 2016ல் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. நன்றாக ஆடத் தெரிந்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நிச்சயம் இல்லை. அது தனித் திறமை. அதே 2016ல்தான் கூடைப்பந்தின் மிகப் பெரிய மரியாதையான நெய்ஸ்மித் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ஒரே வருஷத்தில் இரண்டும்.

சங்கம் வந்த கதை

ஷெரில் பெயரை வைத்துத் தொடங்கினாலும் இந்தப் பகுதிக்கு வருவதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன்.

1997ல் ஷெரிலின் இடத்தை அணி வைத்திருந்தது, நல்லது. ஆனால் ஷெரில் பெரிய நட்சத்திரம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரி கர்ப்பமானால்? பெரியவருக்குக் கிடைப்பது கருணையாகக்கூட இருக்கலாம். சின்னவருக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

1998 நவம்பரில் ஆட்டக்காரிகள் சங்கம் அமைத்தார்கள். 1999ல் லீக்கோடு முதல் கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். பெண்களின் அணி விளையாட்டில் அப்படி ஒரு ஒப்பந்தம் உலகத்திலேயே அதுதான் முதல் என்று சொல்வார்கள். ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் இல்லாமல் ஆண்டு முழுவதும் மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால சேமிப்பு, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் அதில் வந்தன. பேறுகால விடுப்பில் முழுச் சம்பளம் மட்டும் வர இன்னும் இருபது வருஷம் ஆனது. அதுவரை பாதிச் சம்பளம்தான் உறுதி. 2018ல் ஸ்கைலர் டிக்கின்ஸ் ஸ்மித் என்பவர் கர்ப்பமாக இருந்துகொண்டே, யாரிடமும் சொல்லாமல், ஒரு பருவம் முழுக்க ஆடினார். அதை அடுத்த ஆண்டுதான் வெளியே சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2016ல் சங்கத்தின் தலைவி ஆனவர் நெக்கா ஒகுமிகே. நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், நான்கு சகோதரிகளில் மூத்தவர், தானும் 2016ல் சிறந்த ஆட்டக்காரி விருது வாங்கியவர். 2018 நவம்பரில் சங்கம், பழைய ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. கொஞ்சம் துணிச்சலான காரியம்தான். இருப்பதும் போய்விட்டால் என்ற பயம் உறுப்பினர்களுக்கு இருந்திருக்கும். ஓராண்டுக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்து 2020 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் வந்தது. அதிகபட்சச் சம்பளம் சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் டாலரிலிருந்து 2 லட்சத்து 15 ஆயிரம் டாலர் ஆனது. அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய். "அடேயப்பா!" என்று வாய் பிளக்காதீர்கள். அதே நாட்டு ஆண்கள் லீக்கில் ஒரு வீரரின் சராசரிச் சம்பளமே அதைப்போல முப்பது மடங்குக்கு மேல். லீக்குக்கு வரும் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆண் ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. "ஆண்களுக்குச் சமமான தொகை கொடு" என்று இந்தப் பெண்கள் கேட்கவில்லை. "எங்கள் ஆட்டத்தால் வருகிற வருமானத்தில் எங்களுக்கும் நியாயமான பங்கு கொடு" என்றுதான் கேட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழுவில் பேசிப் பாருங்கள்.

எனக்கு அந்த ஒப்பந்தத்தில் பிடித்தது சம்பளப் பகுதி இல்லை. பேறுகால விடுப்பில் முழுச் சம்பளம். பிள்ளை பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு 5,000 டாலர். அணி கொடுக்கும் வீடு, பிள்ளை உள்ளவர்களுக்கு இரண்டு படுக்கையறை உள்ளதாக இருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தனி வசதி. படுக்கையறை எண்ணிக்கை வரை எழுதி வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள்! பிள்ளையோடு ஊர் ஊராக அலைந்த ஒருத்திதான் அதைக் கேட்கச் சொல்லியிருப்பாள்.

எழுதி வாங்கிய பிறகும் சண்டை ஓயவில்லை. 2023 ஜனவரியில் டியரிக்கா ஹாம்பி என்ற வீராங்கனை லாஸ் வேகாஸ் அணியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். தான் கர்ப்பமாக இருந்ததால்தான் மாற்றினார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அணி அதை மறுத்தது. சங்கம் விசாரணை கேட்டது. லீக் விசாரித்து, பயிற்சியாளரை 2 ஆட்டங்களுக்கு நிறுத்தி வைத்தது. வேறு விதிமீறலுக்காக அந்த அணிக்குப் புது ஆட்டக்காரியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒன்றையும் பறித்தது. ஹாம்பி அதோடு திருப்தி அடையாமல் 2024ல் வழக்கும் போட்டார். பிள்ளை பெற்ற அதே ஆண்டு கோடையில், மார்ச்சில் பிரசவமாகி மே மாதத்திலேயே, புது அணிக்காக ஆடவும் செய்தார்.

2024 அக்டோபரில் சங்கம் 2020 ஒப்பந்தத்தையும் முன்கூட்டியே முடிப்பதாக அறிவித்தது. லீக்கைப் பார்க்கும் கூட்டமும் தொலைக்காட்சி வருமானமும் அந்த ஆண்டுகளில் வேகமாக ஏறியிருந்தன. 2025 ஜூலையில் இண்டியானாபோலிஸ் நகரில் நட்சத்திர ஆட்டம் நடந்தது. இரண்டு அணியில் ஆட வந்தவர்களும், எதிரெதிராக நின்று மோத வேண்டியவர்கள், பயிற்சி நேரத்தில் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை போட்டு வந்தார்கள். "எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்" என்று அதில் எழுதியிருந்தது. அரங்கத்தில் இருந்தவர்களும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்து பரிசு கொடுக்கும்போது அந்தக் குரல் கேட்டது.